பாதியில் நிறுத்துகிறவள்

நாமக்கல் பக்கம் கால்நடை மருத்துவர் என்றால் கோழி டாக்டர் என்றுதான் பொருள். கறவை மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் கூப்பிட்டால் போவேன், ஆனாலும் என் பிழைப்பு கோழிப்பண்ணையில்தான். ஒரு கொட்டகைக் கோழி மொத்தத்துக்கும் தண்ணீரில் மருந்தைக் கலந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருகிற ஆள் நான். தனியாக ஒரு கோழியின் முகத்தை உற்றுப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அப்படிப்பட்டவனை மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு ரிக் வண்டி முதலாளி போனில் அழைத்து, "குதிரைக்குங்க, சித்த வந்துட்டுப் போங்க" என்றார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் பிடித்து வந்த குதிரை எதையோ தின்று தொலைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் கதை வேறு. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளை நிறுத்துவதற்காக அவர் வைத்திருந்த பெரிய காலி இடத்தில், துளைபோடும் ராடுகள் அடுக்கியிருந்த மூலைக்குப் பக்கத்தில், உயரமான செவலைக் குதிரை ஒன்றைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். ஒல்லியான தேகம், கழுத்தோடு கத்தரித்த முடி, முழங்கால் வரை ஏறிய பூட்ஸ். முதலாளியின் ஒரே மகள். முன்னங்காலில் லேசாக வீக்கம் என்றாள். நான் பையைத் திறந்து ஊசி மருந்தை எடுத்தேன். அவள் வலது கையைத் தூக்கி உள்ளங்கையை எனக்குக் காட்டினாள்.

"இருங்க டாக்டரண்ணா. ஊசி போடறதுக்கு முந்தி இது நடக்கறதைச் சித்த பாருங்க."

குதிரையை நடத்திக்கொண்டு போனாள், திரும்ப நடத்திக்கொண்டு வந்தாள். நான் வெயிலில் நின்று வேர்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டாமுங்க. தண்ணி பீச்சுனாப் போதும், இறங்கிரும்" என்று சொல்லி மறுபடியும் அதே கையைத் தூக்கினாள். மருத்துவரை வரவழைத்துவிட்டு மருத்துவம் வேண்டாம் என்று சொன்ன ஒரே வீடு அதுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுடைய அம்மா காப்பியோடு வந்து சமாதானம் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. அவ கையத் தூக்கிட்டாள்னா அவ்வளவுதானுங்க. சோத்துல இருந்து சம்பந்தம் வரைக்கும் அப்படித்தான். இன்னொரு கரண்டி போட்டுக்கோன்னு நானும் வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன்."

அவளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் கோப்பைகளைச் சொல்வார்கள். குதிரையில் தடை தாண்டும் போட்டியில் தேசிய அளவில் இரண்டு முறை பட்டம் வென்றவள். பேப்பரில் படம் வந்தவள். எனக்கு அந்தக் கோப்பைகள் அவ்வளவாக மனதில் இல்லை. அவள் நிறுத்திய இடங்கள்தான் இருக்கின்றன. அவளைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகியும் அந்தத் தூக்கிய கையை மறக்க முடியவில்லை.

குதிரை அந்த வீட்டுக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். மகள் நன்றாக இங்கிலீஷ் பேச வேண்டும் என்று முதலாளி அவளை மலைமேல் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே இருந்த குதிரை லாயத்தில் அவள் ஏறி ஓட்டப் பழகிவிட்டாள். "இங்கிலீசு வாங்கியாடான்னு அனுப்புனா குதிரைய வாங்கியாந்திருச்சுங்க" என்று அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெங்களூரில் ரேஸ் ஓடி, இனி ஓட்டத்துக்கு ஆகாது என்று கழித்துவிட்ட குதிரை அது. ரேஸில் அதற்கு முழ நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்ததாம். வீட்டில் எல்லோருக்கும் அது செவலை.

மனிதருக்கு மகள்மேல் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. எங்கள் பக்கத்து ரிக் வண்டிகளின் பின்னால் பாறையைப் பிளந்து தண்ணீர் பீறிடுகிற படம் வரைந்திருக்கும். அவருடைய வண்டிகளில் மட்டும் தடை தாண்டுகிற குதிரை. வரைந்த ஓவியர் அதற்கு முன் குதிரையைப் பார்த்ததில்லை போலும், கண் மட்டும் மாட்டுக்கண்ணாக வந்துவிட்டது. ராஜஸ்தான், சத்தீஸ்கர் வரை அந்த மாட்டுக்கண் குதிரை போய் வந்தது.

அவள் பயிற்சி செய்வதற்குத் தடைகள் வேண்டியிருந்தன. இரண்டு பக்கமும் தாங்கிகள், நடுவே குறுக்காகக் குழாய்கள். குழாய்க்கு அவர்கள் வீட்டில் பஞ்சமா? கிணற்றுக்குள் இறக்குகிற நீலக் கேசிங் பைப்புகள் மலையாகக் கிடந்தன. தாங்கிகளைச் செய்து தரும் பொறுப்பை அப்பா, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரரான தன் கூட்டாளியிடம் விட்டார். நல்ல நாள் பார்த்து எல்லாம் வந்து இறங்கின. அன்று நானும் அங்கே இருந்தேன். அவள் செவலைமேல் ஏறி முதல் தடையை நோக்கி ஓட்டினாள். தடைக்குக் கொஞ்சம் முன்னால் குதிரையை ஒதுக்கி நிறுத்தி, கையைத் தூக்கினாள். இறங்கிப் போய்க் குழாயை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். பட்டறைக்காரர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"லாரி வந்து மோதுனாலும் அசையாதுங்க அம்மிணி. கிளாம்ப்பு போட்டு போல்ட்டு முடுக்கியிருக்குது."

"அசையோணுமுங்கண்ணா. குதிரைக் காலு பட்டா குழாய் விழுந்திரோணும். இல்லீன்னா குதிரைதான் விழுகும்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு மனம் ஒப்பவில்லை. பாரம் ஏற்றி மலைப்பாதையில் குலுங்கிப் போனாலும் ஒரு பலகை ஆடக்கூடாது என்று இருபது வயதிலிருந்து பழகியவர், தொட்டால் விழுகிற ஒரு சாமானை எப்படிச் செய்வார்? "விழற மாதிரி செஞ்சுட்டு நான் எப்படிங்க பட்டறை நடத்தறது" என்று வருத்தப்பட்டார். கடைசியில் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டுக் குழாய் சும்மா உட்காருகிற மாதிரி ஆழமில்லாத கிண்ணங்களை வைத்துத் தந்தார். ஆனால் தாங்கியில் தன் பட்டறைப் பெயரை எழுதியிருந்ததை ஆளைவிட்டு அழித்துவிட்டுத்தான் போனார்.

அவள் நிறுத்தியதெல்லாம் இப்படி நியாயமாக முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

ஒரு வருடம் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, சாமி ஊர்வலத்தின் முன்னால் அவள் செவலைமேல் வர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவளும் ஒப்புக்கொண்டாள். குதிரையின் நெற்றிக்குப் பொட்டு வைத்து, கழுத்துக்கு மாலை போட்டு, மேளத்தோடு ஊர்வலம் கிளம்பிற்று. பாதி வீதியில், வெடி வைக்கிறவர்கள் சரத்தை எடுத்துப் போடத் தயாரான சமயத்தில், கையைத் தூக்கினாள். இறங்கினாள். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, குதிரையை நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சாமி காரியத்தில் பாதியில் இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? அதன்பிறகு அந்த ஊர்வலத்தில் ஒரு அசம்பாவிதமும் இல்லை. வெடி வெடித்தது, மேளம் முழங்கியது, மாடுகன்றுகூட மிரளவில்லை. "என்னாகிப்போச்சு இப்ப?" என்று ஒரு வாரம் பேசினார்கள்.

அதுதான் சிக்கல். அவள் நிறுத்திய இடங்களில் எதுவுமே நடக்கவில்லை. நடக்காத ஒன்றைக் காட்டி, இதற்காகத்தான் நிறுத்தினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நானும் அவளை ரசித்தேன் என்றாலும், உள்ளுக்குள் ஒரு நெருடல் எனக்கும் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு நெஞ்சுரம் கொஞ்சம் குறைவோ என்று நினைத்ததுண்டு.

அப்பாவோ அதற்கு நேர் எதிர். அவர் தொழிலே நிறுத்தாமல் இருப்பதுதான். துளை போட்டுக்கொண்டே போவார்கள், புகை மாதிரி புழுதிதான் வரும், நிலத்துக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். அப்போது இவர் சொல்கிற சொல் ஊர்ப்பிரசித்தம்: "இன்னும் ஒரு அம்பதடி பாத்தர்லாமுங்க." அந்த ஐம்பதடியில் தண்ணீர் வந்த கதைகளை அவர் நாள் முழுக்கச் சொல்வார். வராத கதைகளை மற்றவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை.

பெங்களூரில் அந்தப் போட்டி வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பதற்கான கடைசிச் சுற்று. அவள் ஏற்கெனவே முதலிடத்தில் இருந்தாள். அன்றைக்கு ஒழுங்காக முடித்தால் போதும், அணியில் இடம் உறுதி. அப்பா வேன் பிடித்து ஒறம்பரை சனம் மொத்தத்தையும் ஏற்றினார். அத்தை, பெரியப்பா, மாமன் வீட்டார், கட்டுச்சோறு, முறுக்கு டின், எல்லாம் கிளம்பின. "செவலை கால் கோளாறு பண்ணுனா நம்ம டாக்டர் பக்கத்துல இருக்கோணும்" என்று என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டார். குலதெய்வத்துக்குக் கிடாயும் வாங்கிக் கட்டியாகிவிட்டது. ஜெயித்து வந்த மறு ஞாயிறு வெட்டு.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடலில் தடைகளை வரிசைப்படி தாண்ட வேண்டும். குழாய் விழுந்தால் தப்பு, குதிரை தடைமுன் நின்றுவிட்டால் தப்பு, நேரம் கடந்தாலும் தப்பு. இவை போக, ஓட்டுகிறவருக்கே இனி வேண்டாம் என்று தோன்றினால், குதிரையை நிறுத்தி நடுவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தலாம். அதோடு அவர் விலகிவிட்டார் என்று பொருள். கேள்வி கிடையாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

அன்று செவலை பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குழாய்கூட ஆடவில்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இன்னும் இரண்டே தடைகள் மிச்சம். வளைந்து திரும்பி நேராக வருகிறாள். வந்தவள் வேகத்தைக் குறைத்தாள். குதிரை ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்தது. நின்றது. அவள் வலது கையைத் தூக்கினாள்.

எங்கள் வேன் சனம் எழுந்து நின்று கைதட்டியது. மாமன் மகன்கள் விசில் அடித்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செயிச்சுப்போட்டா, கையத் தூக்கிக் காட்டறா பாருங்க" என்றாள். கபடியில், ஜல்லிக்கட்டில், தேர்தலில் என எங்கள் சனம் பார்த்த இடங்களிலெல்லாம் கையைத் தூக்கினவன் ஜெயித்தவன்தான். திடல் முழுக்க அமைதியாக இருக்கிறது, எங்கள் வரிசையில் மட்டும் ஆரவாரம். அவள் குதிரையிலிருந்து இறங்கி, வாரைப் பிடித்து நடத்திக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமலே வெளியே போனாள். அப்பா மட்டும் கைதட்டவில்லை. அவருக்கு விதிகள் தெரியும்.

அங்கிருந்த குதிரை மருத்துவர் ஒருவர் நாலு காலையும் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை. ஊருக்கு வந்து நானும் தடவிப் பார்த்தேன், நடக்கவிட்டுப் பார்த்தேன், ஓடவிட்டும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை. அணியில் அவள் இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார்.

மறு ஞாயிறு கிடா வெட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஆனால் சாமிக்கு என்று கட்டியதைத் திரும்ப அவிழ்க்கக்கூடாதாம். சனமெல்லாம் கோயிலில் கூடிவிட்டது. அப்பா என்னை வேப்பமரத்துப் பக்கம் தனியாக அழைத்துப் போனார். ஒரே வாரத்தில் முகம் வற்றிப்போயிருந்தது.

"டாக்டரே, கால்ல ஏதோ இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நரம்பு, கிரம்பு, ஏதோ ஒண்ணு. நீங்க சொன்னா சனம் நம்பும். புள்ள பயந்து நின்னுட்டான்னு பேசறாங்க, காது குடுத்துக் கேக்க முடியலீங்க."

சரி என்றுதான் சொன்னேன். ஒரு பெண்ணின் பேரைக் காப்பாற்றுகிற பொய்யில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

கிடாய்க்கு மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு அடுத்தது தெரியும். தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பை உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காமல் அரிவாளைத் தூக்க மாட்டார்கள். அன்றைக்குக் கிடாய் கல்லு மாதிரி நின்றது. மறுபடி தெளித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். என்ன குறையோ என்று விழுந்து கும்பிட்டார்கள். அது நின்றுகொண்டே இருந்தது, சனமும் வாய்பொத்திக் காத்துக்கொண்டே இருந்தது.

காத்திருந்த நேரத்தில் பெரியப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏனுங்க டாக்டரே, அந்தக் குதிரைக்கு நெசமாலுமே என்னதானுங்க?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நரம்பைப் பற்றி ஆரம்பித்தேன். அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்த அவள் குறுக்கே பேசினாள்.

"அவரைப் பொய் சொல்ல வெக்காதீங்க பெரியப்பா. கால்ல ஒண்ணுமில்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு நிறுத்துனே?"

"இத்தன பேரும் கெடா துலுக்கற வரைக்கும் நிக்கறீங்கள்ல? அன்னிக்குச் செவலை எனக்குச் செரின்னு சொல்லலீங்க. அதுக்கு முந்துன தடை வரைக்கும் சொல்லுச்சு, அதுக்கப்பறம் சொல்லல."

யாரோ சிரித்தார்கள். "கெடாயும் குதிரையும் ஒண்ணா, இது சாமி சமாச்சாரம்" என்றார் பெரியப்பா. அவள் வாதாடவில்லை. கிடாய் ஒருவழியாகத் துலுக்கிற்று, குலவைச் சத்தம் எழுந்தது, எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். பந்தியில் அப்பா இலையில் உட்காரவே இல்லை. தன்னைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று நினைத்தார். வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகளோடு பேசுவதை விட்டுவிட்டார். ஏதாவது சொல்வதென்றால் மனைவியைப் பார்த்துச் சொல்வார். ஆடி போய் ஆவணி வந்தது, ஐப்பசியும் வந்தது, அவர் வாய் திறக்கவில்லை.

அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் நாமக்கல்லில் என் கிளினிக்குக்கு வந்து, கோழித்தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "கால்ல ஏதாச்சும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதுங்களா" என்றார். எழுந்து போய்விட்டார். உயிருக்குயிராக வளர்த்த குதிரைக்கு ஒரு நோவு வந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற நிலைமைக்கு அந்த மனிதர் வந்துவிட்டார். அன்று இரண்டு பேர்மேலும் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

தை பிறந்ததும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க அவள் கிளம்பினாள். செவலையும் கூடப் போகிறது. பயணத்துக்கு முன் குதிரையைப் பார்த்துச் சான்று தர நான் போயிருந்தேன். சொந்த லாரியிலேயே தடுப்பு வைத்து, வைக்கோல் பரப்பி இடம் செய்திருந்தார்கள். அவள் குதிரையின் கால்களுக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. இனி எப்போது பார்க்கப்போகிறோம் என்ற எண்ணத்தில் கேட்டே விட்டேன்.

"அம்மிணி, மனசுல வெச்சுக்காத. அன்னிக்கு நீ பயந்துட்டயா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. சுற்றிய துணியின் முனையைச் செருகிவிட்டு யோசித்தாள்.

"பயம் வந்துச்சுங்கண்ணா. அது என்னோட பயமா, செவலையோட பயமான்னு மேல உக்காந்திருக்கறப்பப் பிரிச்சுப் பாக்க முடியாதுங்க. நெசமாலுமே ஏதாச்சும் இருந்துச்சான்னு தெரியோணும்னா, அந்தத் தடையத் தாண்டியிருக்கோணும். தெரியாமயே இருந்துட்டுப் போறேன்."

இத்தனை வருடத் தொழிலில் எந்த நோய்க்கும் என்னால் அப்படி ஒரு பதிலைச் சொல்ல முடிந்ததில்லை. நெஞ்சுரம் குறைவோ என்று அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கரைந்து போயிற்று.

குதிரையை ஏற்றியாகிவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்தபடி சோற்று டப்பாவைக் கொடுத்தார். அவள் முன்னால் ஏறி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா அதுவரை ராடுகளை எண்ணுவது போல மறுபுறம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் விறுவிறுவென்று வந்தார். மகள் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போய்க் கதவைத் தட்டினார். டிரைவர் பழைய ஆள், ரிக் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றியவர். கண்ணாடியை இறக்கினார்.

"பாத்து மெதுவாப் போ" என்றார் அப்பா. அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், அந்தப் பக்கம் இருப்பவளுக்கும் கேட்கும்படி சொன்னார். "வழியில எம்புள்ள கையத் தூக்குனா வண்டிய நிறுத்திரு. என்ன ஏதுன்னு கேக்காத."

"செரிங்க" என்றார் டிரைவர்.